பொம்மிக்குச் சீல் வைத்தோம்

சங்கிலி விற்கிறவனுக்கு நாய் மேல் இரக்கம் வரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. எனக்கு வந்தது. வந்ததால்தான் இத்தனை கூத்தும்.

என் பெயர் ஜெபசிங். திருவொற்றியூரில், எண்ணூர் விரைவுச் சாலைக்குப் போகிற வழியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஆணி, கீல், தாழ்ப்பாள், கயிறு, கம்பிவலை, சங்கிலி எல்லாம் கிடைக்கும். அப்பா உடன்குடியிலிருந்து வந்து போட்ட கடை. எதிரே ஒரு கண்டெய்னர் யார்டு. அதன் கேட்டுக்குப் பக்கத்தில், துருப்பிடித்த பழைய டிரெய்லர் அச்சு ஒன்றில், பொம்மி என்ற பழுப்பு நிறப் பெட்டை நாயைக் கட்டிப் போட்டிருந்தார்கள். மூன்றடிச் சங்கிலி. காலை பத்து மணிக்கு அதன் மேல் விழும் நிழல் போய்விடும், திரும்பி வர நாலு மணி ஆகும். தண்ணீர்ச் சட்டியை எந்த லாரிக்காரராவது தெரியாமல் தட்டிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். அந்தச் சங்கிலி என் கடையில் வாங்கியது. அளந்து வெட்டிக் கொடுத்ததும் நானேதான்.

“தெனம் கல்லாவுல உக்காந்து அதப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கிய? ஏதாவது செய்யுங்களேன்” என்றாள் என் மனைவி ரெஜினா.

ஏதாவது செய்வதென்றால் ரோட்டைத் தாண்டிப் போய் யார்டு வாட்ச்மேனிடம் பேசியிருக்கலாம். நாற்பது அடி தூரம். அது எனக்குத் தோன்றவில்லை. ரயிலும் பஸ்ஸும் பிடித்து இருபத்தைந்து கிலோமீட்டர் போனேன். நான் பி.காம். படித்தவன். படித்தவனுக்கு எதையும் எழுத்து மூலமாகத்தான் செய்ய வரும்.

நான் போன இடத்தின் பெயர் கட்டுண்ட நாய்கள் நல்வாழ்வு மன்றம். நகரத்தின் தென்கோடியில், நாலாவது மாடியில், ஏசி அறை. வாசலில் ‘சங்கிலியில்லா உலகம் செய்வோம்’ என்று ஒரு நிற்கும் பலகை. யாரும் தூக்கிக்கொண்டு போய்விடாமலிருக்க அதைப் படிக்கட்டுக் கம்பியோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். எட்டு எம்.எம். சங்கிலி, நல்ல சரக்கு.

மன்றத் தலைவர் மலர்க்கொடி அம்மையார் நான் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உருகிப் போய்விட்டார் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்து, “மிஸ்டர் ஜெபசிங், எங்கள் விதிப்படி கிராமப்புறச் சமூகங்களில் கட்டப்பட்ட நாய்களுக்குத்தான் நாங்கள் உதவ முடியும். உங்கள் பகுதி கிராமமா?” என்று கேட்டார்.

“மெட்ரோ ரயிலே வருது மேடம்” என்றேன், பெருமையாக.

அவர் ஃபைலை மூடினார். பக்கத்தில் நின்ற களப்பணி அலுவலர் பாரி, வியாசர்பாடிப் பையன், என்னைக் காப்பாற்றினான். “மேடம், அங்க நிறைய ஏரியா பேரு குப்பம்னுதான் முடியும்.”

“குப்பம் என்றால் கிராமம்தான். ஆனால் இவர் கொண்டு வந்த போட்டோவில் நாய்க்குப் பின்னால் பெரிய புகைபோக்கி தெரிகிறதே?”

“கிராமத்துலயே கொஞ்சம் ஒசரமான புகைபோக்கி மேடம்.”

“மாடு உண்டா?”

“நடு ரோட்டுல படுத்துக்கினு இருக்கும் மேடம்.”

“அப்படியானால் கிராமம்தான்” என்றார் அம்மையார். திருவொற்றியூர் ‘உயர்புகைபோக்கிக் கிராமம்’ என்று அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. அப்படியே, உள்ளூரில் ஆள் இல்லாததால், என்னை வட்டார ஒருங்கிணைப்பாளராக நியமித்தார்கள். கழுத்தில் தொங்கும் அட்டை ஒன்றும், பச்சை நிறத்தில் கையில்லாத கோட்டு ஒன்றும் கொடுத்தார்கள். அம்மையார் எழுந்து நின்று கைகுலுக்கி, “நாயைப் பார்த்ததும் உடனே உதவ வேண்டும் என்று ஓர் உந்துதல் வரும். அதை அடக்கப் பழகுவதுதான் ஒருங்கிணைப்பாளருக்கு முதல் பயிற்சி” என்றார். நான் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நாய்க்காகப் போனவன் பதவியோடு திரும்பி வந்தேன். பொய் சொல்லக்கூடாது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாற்பத்தாறு வயது வரைக்கும் ‘அண்ணாச்சி, அரை கிலோ ஆணி’ என்பதைத் தவிர யாரும் என்னை வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கோட்டை மாட்டிக்கொண்டுதான் கோயிலுக்குப் போனேன். “காணிக்கை எடுக்கிறவருன்னு நெனச்சி உங்க கையில ஒருத்தர் பத்து ரூவா வச்சிட்டுப் போறாரு” என்று ரெஜினா காதைக் கடித்தாள்.

திங்கட்கிழமை, நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவத்தோடு ரோட்டைத் தாண்டினேன். வாட்ச்மேன் கிருஷ்ணப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு லாரியின் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கேட்டைக் காக்கிறவர். அவர் பார்க்காமல் ஒரு பெட்டி உள்ளே வந்ததுமில்லை, வெளியே போனதுமில்லை.

“இன்னா அண்ணாச்சி, புச்சா சொக்கால்லாம் போட்டுக்கினு?”

“இந்த நாய் மகிழ்ச்சியாக இருக்கிறதா? மிகவும், ஓரளவு, இல்லை, கருத்து இல்லை. ஒண்ணச் சொல்லுங்கண்ணே.”

அவர் பொம்மியைப் பார்த்தார். பொம்மி என்னைப் பார்த்தது. “அத்த கட்டிப்போட எனுக்கு இன்னா ஆசையா அண்ணாச்சி? அவுத்து வுட்டா கேட்டுக்கு அடியில கீற சந்துல பூந்து ரோட்டுக்குப் பூடுது. இதோட ஆயி அப்டித்தான் டிரெய்லர்ல மாட்டிக்கினு பூட்ச்சி. அந்தச் சந்த அடச்சிட்டா போதும், நானே அவுத்து வுட்ருவேன். உன் கடையில தொங்குதே கம்பிவலை, அதுல ஒரு துண்டு குடேன்.”

இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். வலை என் கடை வாசலில் சுருளாகத் தொங்கிக்கொண்டிருந்தது, நாங்கள் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. ஆனால் ஒரு பதவி வந்துவிட்ட பிறகு சும்மா வெட்டிக் கொடுக்க மனம் வருமா? “முறைப்படி விண்ணப்பம் போட்டா மன்றமே வலை குடுக்கும்ணே” என்றேன்.

விண்ணப்பம் போட்டேன். மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். இருப்பதில் குறைந்த விலை என் கடையுடையது. ஒருங்கிணைப்பாளரின் கடையில் வாங்குவது நெறிமுறைக்கு ஒவ்வாது என்று மூன்றையும் திருப்பிவிட்டார்கள். மேற்கொண்டு பரிசீலிக்கும்வரை இடைக்கால நிவாரணமாக ஒரு பேனர் வந்தது. பத்தடிக்கு எட்டடி. பனி பெய்கிற ஏதோ தேசத்தில், பஞ்சு மூட்டை போல ஒரு நாய் துள்ளிக்கொண்டிருந்தது. அதையாவது பொம்மிக்கு மேலே கூரையாகக் கட்டலாம் என்று கிருஷ்ணப்பன் ஏணியை எடுத்தார். விழிப்புணர்வு பேனர் பொதுமக்களைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்று அதன் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்ததால் நான் தடுத்துவிட்டேன். சுவரின் வெளிப்பக்கம் ரோட்டைப் பார்த்துக் கட்டினோம். நிழல் முழுக்க ரோட்டில் விழுந்தது. அதில் மாடுகள் வந்து படுத்துக்கொண்டன.

ஏப்ரல் முதல் வாரத்தில் கிருஷ்ணப்பன் எங்களை நம்பிப் பயனில்லை என்று கண்டுகொண்டார். யார்டில் உடைந்து கிடந்த மரப்பலகைகளை எடுத்து, கேட்டின் அடிச் சந்தில் வரிசையாக வைத்து ஆணி அடித்துவிட்டார். ஆணி மட்டும் என் கடையில் வாங்கினார். பிறகு பொம்மியின் கழுத்துப்பட்டையை அவிழ்த்தார்.

நான் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அது உடனே ஓடவில்லை. மூன்றடி போய் நின்றது, சங்கிலி இழுக்கும் என்று காத்திருந்தது. இழுக்கவில்லை என்றதும் இன்னும் ஓரடி வைத்தது. அப்புறம் யார்டு முழுக்கச் சுற்றிச் சுற்றி ஓடியது. மகிழ்ச்சியில் ஒரு போட்டோ எடுத்து மன்றத்துக்கு அனுப்பினேன். அதுதான் நான் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம்.

பத்து நிமிஷத்தில் பாரி போன் செய்தான். “அண்ணாச்சி, இன்னா வேல பண்ணி வச்சிகீற? யாரு அவுத்தது? மேடம் கலங்கிப் போயி கீறாங்க.”

அம்மையாரே லைனில் வந்தார். “மிஸ்டர் ஜெபசிங், அந்த நாயை உடனே கட்டுங்கள். விடுதலைக்கு ஐந்து கட்டங்கள் உண்டு. மூன்றடி, ஆறடி, பன்னிரண்டடி, கம்பியில் ஓடும் சங்கிலி, கடைசியாகச் சிறப்பு விருந்தினர் கையால் விடுவிப்பு. ஒரு கட்டம்கூட முடியாமல் நேரடியாகச் சுதந்திரம் பெற்றால் அதன் மனநிலை என்ன ஆகும்? முதல் கட்டத்துக்கான புகைப்படம்கூட நம்மிடம் சரியாக இல்லை. கட்டப்படாத நாய்க்கு நம் மன்றத்தால் எந்த உதவியும் செய்ய முடியாது என்பதை நீங்கள் உணர வேண்டும்.”

“அதுக்கு இனிமே உதவி தேவைப்படல மேடம்.”

“அதைத்தான் நானும் கவலையோடு சொல்கிறேன்.”

வடக்கு வட்டாரத்துக்கு இருபது நாய்கள் என்று இலக்கு வைத்திருப்பதாகவும், பொம்மிதான் முதல் நாய் என்றும், இது ஒழுங்காக முடிந்தால் சிறந்த ஒருங்கிணைப்பாளர் கேடயத்துக்கு என் பெயரைப் பரிந்துரைக்கப் போவதாகவும் சொன்னார். கேடயம் என்ற சொல் என் காதில் விழுந்த பிறகு வேறெதுவும் விழவில்லை. கடையில் சாமி படத்துக்குக் கீழே அதை வைக்க இடம்கூடப் பார்த்துவிட்டேன்.

கிருஷ்ணப்பனிடம் போய், “பத்தே நாள்ணே. சட்டப்படி அவுத்து வுட்டா அப்புறம் யாரும் கேள்வி கேக்க முடியாது” என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய இடத்துக் காரியம் என்று, பேனரோடு மன்றம் அனுப்பியிருந்த கடுதாசியையும் அதிலிருந்த முத்திரையையும் காட்டினேன். முத்திரையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. காகிதத்துக்குக் கட்டுப்பட்டே வாழ்ந்த மனிதர். பொம்மியை அவர்தான் கூப்பிட்டார். அது வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. பட்டையை நான்தான் மாட்டினேன்.

மறுநாள் ஆய்வுக்கு அம்மையாரே வந்தார். காரை விட்டு இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கி யார்டைப் பார்த்தார். கண்டெய்னர் கதவுகளில் தொங்கும் இரும்பு சீல்கள் அவர் கண்ணில் பட்டன. துறைமுகத்துக்குப் போகிற பெட்டிகளில் எண் பொறித்த சீல் போடுவார்கள். பூட்டினால் பூட்டினதுதான், சாவி கிடையாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதற்கான காகிதம் இல்லாமல் அதைத் தொட்ட வாட்ச்மேன் அன்றைக்கே வேலையை விட்டுப் போக வேண்டியதுதான்.

“எவ்வளவு அருமையான ஏற்பாடு! முறையற்ற விடுதலையைத் தடுக்க நமக்குத் தேவையானது இதுதான்” என்றார்.

இரண்டு நாளில் பாரி சீலோடு வந்தான். பொம்மியின் பட்டையை அவிழ்க்க முடியாதபடி அதன் கொக்கியையும் சங்கிலியையும் சேர்த்து, கட்டை விரல் தடிமனுக்கு இரும்பு சீல் ஒன்றை அழுத்திப் பூட்டினான். எண் கே 40718. எதிர்பாராதது என்னவென்றால், அந்த ‘டக்’ சத்தம் கேட்டதும் கிருஷ்ணப்பன் ஸ்டூலை விட்டு எழுந்து நின்றார். கேட் பதிவேட்டை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டு எண்ணை இரண்டு முறை படித்தார். ‘நாய் ஒன்று. நிறம் பழுப்பு. சீல் நல்ல நிலையில்’ என்று எழுதிப் பாரியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அதுவரைக்கும் அது அவருடைய நாய். அன்றிலிருந்து அது சீல் வைத்த சரக்கு.

பத்து நாள் ஆயிற்று. இரண்டாம் கட்டத்துக்குச் சீலை வெட்ட வேண்டிய பாரியை, களப்பணியாளர்களின் மனச்சோர்வைப் போக்கும் முகாமுக்காக ஏற்காடு அனுப்பிவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் தேதி கொடுக்கவில்லை. கொடுத்தார், மாற்றினார். ஏப்ரல் போய் மே வந்தது. அக்னி நட்சத்திரம் தொடங்கியது. எங்கள் பக்கம் வெயிலோடு தூசியும் புகையும் சேர்ந்துதான் வரும், உள்ளங்கையை வைத்தால் கண்டெய்னர் தகரம் தோலை உரிக்கும். பொம்மி கட்டியிருந்ததும் இரும்பு அச்சில்தான். கிருஷ்ணப்பன் தார்ப்பாய் கட்டினார், சூரியன் நகர்ந்து அந்தப் பக்கமாக வந்தது. மணிக்கு ஒரு தரம் தண்ணீர் ஊற்றினார். சீலின் கனத்தில் பட்டை இறங்கி, கழுத்தில் முடி போய், சிவப்பாகப் புண் கண்டது.

ஒரு மத்தியானம் ரெஜினா எனக்குச் சோறு கொண்டு வந்தவள், எதிரே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சோற்று வாளியை மேஜையில் வைக்கவில்லை.

“நாய் நாக்கத் தொங்கப் போட்டுக் கெடக்கு. முன்னாலயாச்சும் அவரு நெனச்சா அவுத்து விடலாம். இப்ப அதுவும் இல்ல. நீங்க எறங்குனதுக்கு அப்புறந்தான் அது சாகக் கெடக்கு, தெரியுதா?”

தெரிந்தது. ஒரு மாதமாகவே தெரியும். கேடயத்துக்குப் பார்த்து வைத்திருந்த இடத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அம்மையாருக்குப் போன் செய்து, மேடம், நாய் செத்துப்போய்விடும் என்றேன்.

“உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். நாய்கள் வரும், போகும். நடைமுறை ஒரு முறை போய்விட்டால் திரும்ப வராது. அப்படி ஏதாவது துர்ச்சம்பவம் நேர்ந்தால் சீல் உடையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த நாய்க்குப் பயன்படும்.”

போனை வைத்தேன். அலமாரியிலிருந்து போல்ட் கட்டரை எடுத்தேன். மணி ஒன்றரை. ரோட்டைத் தாண்டி, நேராகப் பொம்மியிடம் போய்க் குனிந்தேன். கிருஷ்ணப்பன் குறுக்கே வந்து நின்றார்.

“பேப்பர் கீதா?”

“அண்ணே, நாய் சாவுதுண்ணே!”

“எனுக்குத் தெரியாதா? காலையிலேர்ந்து அது பக்கத்துலதான் குந்திக்கினு கீறேன். வயிறு எரியுது அண்ணாச்சி.” கண் கலங்கியிருந்தது அவருக்கு. “ஆனா சீல் வச்ச சரக்கு. பட்டய வெட்னாலும் சங்கிலிய வெட்னாலும் சீல ஒடச்ச மாதிரிதான். இருவத்திரண்டு வருசத்துல ஒரு சீலு என் கேட்ல பேப்பர் இல்லாத ஒடஞ்சதில்ல. ஒடச்சேன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் எனுக்கு வேல குடுப்பான்? நீதான சட்டப்படின்னு சொன்ன? சட்டப்படி எடுத்துனு வா.”

நான் கத்தினேன். அவர் அசையவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வர வேண்டும், வரவில்லை. அந்த மனிதருக்குக் காகிதத்தைக் காட்டிப் பயமுறுத்தியது நான்தானே. பொம்மி எங்கள் இருவரையும் பார்த்தபடி, வயிறு ஏறி இறங்கக் கிடந்தது.

ஓடினேன். கடை பில் புக்கில் ஒரு தாளைக் கிழித்து, ‘சீல் எண் கே 40718 உடைய நாய் ஒன்றின் சீலை வெட்ட இதன் மூலம் அனுமதிக்கப்படுகிறது. வட்டார ஒருங்கிணைப்பாளர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திரும்ப ஓடினேன். கிருஷ்ணப்பன் வாங்கிப் படித்தார்.

“ரப்பர் ஸ்டாம்ப்?”

மறுபடி ஓடினேன். ஸ்டாம்ப் பேடில் மை காய்ந்திருந்தது. ரெஜினா சோற்று வாளியிலிருந்த ரசத்தில் இரண்டு சொட்டு விட்டு, முத்திரையை அழுத்தினாள். ‘ஹார்டுவேர்ஸ், பெயிண்ட்ஸ், கயிறு வகைகள்’ என்று மங்கலாக விழுந்தது. மூன்றாம் முறை ரோட்டைத் தாண்டியபோது ஒரு டிரெய்லர்காரர் என் தாயாரைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

கிருஷ்ணப்பன் முத்திரையை முகர்ந்து பார்த்தார். மண்டியிட்டு, சீலில் இருந்த எண்ணையும் தாளில் இருந்த எண்ணையும் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டார். எனக்கு அந்த அரை நிமிஷத்தில் உயிர் போய் வந்தது. பதிவேட்டில் நேரம் எழுதினார். நான் கட்டரை நீட்டிக்கொண்டு குனிந்தேன்.

“இரு. பேப்பர் குடுத்தவன் சீல வெட்டக்கூடாது. அது தப்பு” என்று கட்டரை வாங்கிக்கொண்டார்.

வெட்டினார். பொம்மியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், லாரி நிழலில் கிடத்தி, தண்ணீரைக் கையில் எடுத்து எடுத்து வாயில் விட்டார். “குடிடா கண்ணு, குடி.” வெகு நேரம் கழித்து அது தலையைத் தூக்கித் தானாகக் குடித்தது. நான் அழுதுவிட்டேன். நன்றி ஏதாவது காட்டும் என்று ஒரு நப்பாசையும் இருந்தது. பச்சைக் கோட்டோடு கிட்டே போய்க் கையை நீட்டினேன். எழ முடியாத அந்த நாய் எழுந்தது. நாலடி தள்ளிப் போய், லாரியின் அந்தப் பக்கச் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டது.

புண் ஆற மூன்று வாரமாயிற்று. இப்போது பொம்மி யார்டு முழுக்கத் திரிகிறது. வருகிற லாரிக்காரர் யாரையும் பார்த்து அது குரைப்பதில்லை, என்னைப் பார்த்தால் மட்டும் குரைக்கும். கம்பிவலை ஒரு கெஜம் வெட்டிக் கொண்டுபோய்ப் பலகைக்கு மேல் அடித்துக் கொடுத்தேன். அடித்து முடிக்கும் வரைக்கும் குரைத்தது.

மன்றத்திலிருந்து ஒரு கண்டனமும் வரவில்லை. அங்கே யாருக்கும் சீல் வெட்டியதே தெரியாது. ஜூன் மாதம் நிறைவு மதிப்பீட்டுப் படிவம் ஒன்றுதான் வந்தது. பதினேழாவது கேள்வி: ‘பயனாளியான நாயின் வாழ்வு மேம்படுவதற்கு முதன்மைத் தடையாக இருந்தது எது? ஒரே சொல்லில் குறிப்பிடுக.’

ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகு ஜெபசிங் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, முத்திரையோடு பதில் வந்தது. என் மதிப்பீட்டைத் தலைவர் மிகுந்த அக்கறையோடு பரிசீலித்ததாகவும், மேற்படி தடையை உடனடியாக அகற்றும்படி வட்டார ஒருங்கிணைப்பாளருக்கு உத்தரவிடப்படுவதாகவும் எழுதியிருந்தது.

பச்சைக் கோட்டையும் கழுத்து அட்டையையும் தபாலில் திருப்பி அனுப்பினேன். மன்றம் எனக்கு இட்ட உத்தரவுகளில், வந்த அன்றைக்கே நான் நிறைவேற்றியது அது ஒன்றைத்தான்.